புதிய ஊரில் நல்ல காப்பி



தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய் வருவது இன்று அபூர்வமான காரியமல்ல. பெரிய மருத்துவமனையில் தேதி கொடுத்திருப்பார்கள். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருக்கும். மகன் வேலை செய்யும் ஊரில் நான்கு நாள் தங்கி வர ஆசையாக இருக்கும். விடியற்காலையில் பேருந்து ஏறி, மூன்று மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் பயணம் செய்து, பழக்கமில்லாத ஓர் ஊரில் இறங்கி நிற்கிறோம். அப்பொழுது மனம் முதலில் தேடுவது எதை? சூடாக ஒரு கோப்பை காப்பியைத்தான்.

ஆனால், அந்த ஒரு கோப்பை காப்பியிலேயே எத்தனை பேர் ஏமாந்து போகிறார்கள்! நிலையத்தில் கண்ணில் பட்ட முதல் கடையில் நுழைகிறார்கள். நாலு மணி நேரமாக அடுப்பில் கொதித்துக் கசந்த காப்பி வருகிறது. அல்லது, கண்ணாடிக் கதவு போட்ட நவீனக் கடைக்குப் பிள்ளைகள் அழைத்துப் போகிறார்கள். பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் புரியவில்லை. கேட்கக் கூச்சம். "எனக்கு ஒன்றும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்" என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிற பெற்றோர் நம்மில் எத்தனையோ பேர். இனிப்பு நீர் உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம். "சீனி போடாதே" என்று சொல்லியும், கோப்பையின் அடியில் கட்டிப்பால் அரை அங்குலம் கிடக்கிறது.

ஆகவே இன்றைய பேச்சில், அறியாத ஊரில் நல்ல காப்பியைக் கண்டுகொள்வது எப்படி, கேட்டு வாங்குவது எப்படி, உடலுக்குக் கேடில்லாமல் குடிப்பது எப்படி என்ற மூன்றையும் பார்ப்போம்.

நமக்கும் காப்பிக்கும் உள்ள உறவு

முதலில் ஒரு சிறு வரலாறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காப்பி நமக்கு அந்நியமான பொருள் அல்ல. பால்மரத்துக்கு முன்னால் நம் முன்னோர் கைப்பட்ட செடி காப்பிச் செடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பித் தோட்டங்களைத் திறந்தார்கள். அங்கே பழம் பறிக்கத் தமிழ்நாட்டுச் சீமையிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் கடல் கடந்து, காட்டு வழியே நடந்து போனார்கள். 1869-ஆம் ஆண்டில் அந்தச் செடிகளின் இலைகளில் மஞ்சள் துரு போன்ற ஒரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பித் தொழில் படுத்துவிட்டது. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

அதே காலப் பகுதியில் மலாயாவிலும் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையில் கைசுட்டுக்கொண்ட துரைமார் சிலரும் இங்கே வந்து முதல் போட்டார்கள். அந்தத் தோட்டங்களிலும் தமிழர்கள் உழைத்தார்கள். பிறகு பிரேசில் நாட்டில் காப்பி அளவுக்கு மீறி விளைந்து, 1890-களின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. இங்கிருந்த தோட்டக்காரர்கள் மாற்றுப் பயிர் தேடினார்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, ரப்பர் கன்றுகளை நடும்படி அவர்களிடம் விடாமல் சொல்லி வந்தார். 1895-இல் காஜாங் வட்டாரத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும், 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனரும் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார்கள். காப்பி நின்ற மண்ணில் பால்மரம் வளர்ந்தது இப்படித்தான்.

ஆகவே நேயர்களே, எந்தக் காப்பிக் கடைக்குள் நுழைந்தாலும் தலைநிமிர்ந்து நுழையுங்கள். நம் பாட்டன் பாட்டி வளர்த்த பயிர் அது.

கொட்டையில் உள்ள வேறுபாடு

காப்பியில் நாம் அறிய வேண்டியவை மூன்று வகைகள். குளிர்ந்த மலைப் பகுதியில் விளைவது அராபிக்கா. மணமும் மென்மையும் மிக்கது. வெப்பமான தாழ்ந்த நிலத்தில் விளைவது ரொபஸ்டா. கசப்பும் காரமும் உள்ளது. உறக்கத்தைக் கலைக்கும் கஃபீன் சத்து அராபிக்காவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இதில் உண்டு. மூன்றாவது லிபெரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டின் பெயரைத் தாங்கியது. உயரமான மரம், பெரிய கொட்டை, பலாப்பழத்தை நினைவூட்டும் ஒரு வாசனை. நம் நாட்டில் பயிராகும் காப்பியில் பெரும்பகுதி இந்த லிபெரிக்காதான். ஜொகூர் மாநிலம் அதற்குப் பேர் போனது.

கொட்டை எதுவானாலும் அதன் குணம் வறுப்பதில்தான் வெளிப்படும். நம் நாட்டுச் சீனர் காப்பிக்கடைகளில் பழைய வழக்கம் என்னவென்றால், கொட்டையை வறுக்கும்போது சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருகருவென்று வறுப்பது. சீனி உருகிக் கருகிக் கொட்டையின் மேல் பூச்சாகப் படியும். நம் கடைக் காப்பியின் கறுப்பு நிறமும், கெட்டித்தன்மையும், சற்றே கருகிய வாசனையும் இதனால் வந்தவை. சிலர் வறுக்கும்போது சோளம், கோதுமை போன்ற தானியங்களையும் சேர்ப்பதுண்டு. அவை காப்பியல்ல. கடையில் பொட்டலத் தூள் வாங்கும்போது, அதில் அச்சிட்டுள்ள சேர்மானப் பட்டியலைப் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். காப்பி முதலில் வருகிறதா, சீனி முதலில் வருகிறதா என்று பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள்.

காப்பிக்கடையில் கேட்கும் முறை

"கோப்பித்தியாம்" என்று சொல்கிறோமே, அதில் கோப்பி என்பது மலாய்ச் சொல். தியாம் என்பது சீன மொழியில் கடை. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் இந்தத் தொழிலில் ஊன்றி நின்றார்கள். வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்துப் பழகியவர்கள் அவர்களில் பலர். துணியால் தைத்த நீண்ட பையில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, நீண்ட மூக்குள்ள பாத்திரத்தில் வடித்துக் கொடுக்கும் முறை இன்றும் எத்தனையோ கடைகளில் நடக்கிறது.

இந்தக் கடைகளில் கேட்பதற்கு ஒரு சிறு அகராதி உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் ஜொகூர் பாருவிலும் கேட்கலாம், பினாங்கிலும் கேட்கலாம், சிங்கப்பூரிலும் கேட்கலாம்.

வெறுமனே "கோப்பி" என்று கேட்டால், கட்டிப்பால் ஊற்றிய காப்பி வரும். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லாத கறுப்புக் காப்பி. ஆனால் அதில் சீனி இருக்கும். "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றிய காப்பி. அதிலும் சீனி தனியாகச் சேர்ப்பார்கள். "கோசோங்" என்ற மலாய்ச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள். அதைச் சேர்த்துச் சொன்னால் சீனி இருக்காது. ஆகவே "கோப்பி ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. "கோப்பி சி கோசோங்" என்றால் பால் உண்டு, சீனி இல்லை.

இங்கேதான் பலர் தவறி விடுகிறார்கள். கட்டிப்பால் காப்பி கேட்டுவிட்டு "சீனி வேண்டாம்" என்று சொல்வதில் பயனில்லை. கட்டிப்பாலே சீனிதான். சீனி வேண்டாதவர்கள் கேட்க வேண்டியது "கோப்பி சி கோசோங்" அல்லது "கோப்பி ஓ கோசோங்". இந்த இரண்டு பெயர்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இனிப்பு குறைவாக வேண்டுமானால் "கூராங் மானிஸ்" என்று மலாயில் சொல்லலாம். சிங்கப்பூர்க் கடைகளில் "சியூ டாய்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கெட்டியாக வேண்டுமானால் "காவ்", லேசாக வேண்டுமானால் "போ", பனிக்கட்டி போட்டது வேண்டுமானால் "பெங்" அல்லது "ஐஸ்". கட்டிக்கொண்டு போக "புங்குஸ்".

நல்ல கடையை எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்பது? விளம்பரப் பலகையைக் கேட்கக் கூடாது. அந்த ஊரில் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். வாடகை வண்டி ஓட்டுபவர், பசாரில் காய்கறி விற்கும் அம்மா, மருத்துவமனை வாசலில் நிற்கும் காவலாளி, இவர்களுக்குத் தெரியும். "நல்ல கடை எங்கே?" என்று கேட்காமல், "நீங்கள் எங்கே பசியாறுவீர்கள்?" என்று கேளுங்கள். முன்னதைக் கேட்டால் பெரிய கடையைக் காட்டுவார்கள். பின்னதைக் கேட்டால் தாங்கள் போகும் கடையைக் காட்டுவார்கள்.

பேருந்து நிலையத்துக்குள் இருக்கும் கடைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். ஒரு முறை வந்தவர் மறுமுறை வரப் போவதில்லை. ஆகவே அங்கே சுவையில் அக்கறை குறைய இடமுண்டு. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிடம் நடந்து காலைச் சந்தைப் பக்கம் போனால், அதே வாடிக்கையாளர்கள் தினமும் வரும் கடை இருக்கும். தினமும் வருகிறவனுக்கு மோசமான காப்பி கொடுத்தால் மறுநாள் அவன் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். வயதானவர்கள் நாளிதழை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடை நம்பத் தக்க கடை.

உள்ளே நுழையுமுன் காப்பி கலக்கும் இடத்தை ஒரு பார்வை பாருங்கள். கோப்பையைக் கொதிநீரில் கழுவிச் சூடாக்கிய பிறகு காப்பி ஊற்றுகிறாரா? துணிப் பையை அடிக்கடி அலசுகிறாரா, அல்லது பழைய சக்கையோடு மீண்டும் மீண்டும் நீர் ஊற்றுகிறாரா? புதிதாக வடித்த காப்பியா, அல்லது காலையிலிருந்து அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் காப்பியா? காப்பியைத் திரும்பத் திரும்பச் சுடவைத்தால் மணம் ஓடிப்போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். கூட்டம் உள்ள நேரத்தில் போவது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான். கூட்டம் இருந்தால் காப்பி தேங்காது.

சில ஊர்களின் சிறப்பு

ஈப்போவுக்குப் போகிறவர்கள் "வெள்ளைக் காப்பி" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பால் அதிகம் சேர்ப்பதால் வந்த பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. சீனி சேர்த்துக் கருக வறுக்காமல், செம்பனை எண்ணெய் மார்ஜரின் மட்டும் சேர்த்து இளம் வறுவலாக எடுப்பதால் அந்தப் பெயர். ஈப்போ பழைய நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் பண்டார் தீமாவில் இதற்குப் பேர் பெற்ற பழைய கடைகள் உள்ளன. அந்தப் பகுதிக்கு ஈயத்தின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் வளர்த்த ஊர் அது.

ஜொகூரின் குளுவாங் ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டி 1938-ஆம் ஆண்டில் தொடங்கிய காப்பிக்கடை நாடெங்கும் பெயர் பெற்றது. தீயில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெயும் காயாவும் தடவிக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. சிங்கப்பூரில் 1944-இல் தொடங்கிய யா குன் கடையும் இதே காயா ரொட்டிக்கும் காப்பிக்கும் பெயர் பெற்று, பிற்காலத்தில் பல கிளைகளாகப் பெருகியது.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, பினாங்கில் குட்டி இந்தியா போன்ற இடங்களில் தமிழ்நாட்டு முறையில் பில்டர் காப்பி தரும் உணவகங்களைக் காணலாம். மாமாக் கடைகளிலும் காப்பி கிடைக்கும். ஆனால் அங்கே பல கடைகளில் கொடுப்பது உடனடிக் காப்பித் தூளைக் கலந்து இழுத்து ஆற்றியது. வடித்த காப்பியா, கலந்த காப்பியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே காப்பி பெரும்பாலும் பசும்பாலில் கலந்து டம்ளரிலும் தபராவிலும் வரும். தூளில் சிக்கரி என்ற ஒரு வேரை வறுத்துப் பொடித்துக் கலப்பது வழக்கம். அது கெட்டித்தன்மையும் நிறமும் கொடுக்கும்; கஃபீன் அதில் இல்லை. "சர்க்கரை இல்லாமல்" என்று சொன்னால் தனியாகப் போட்டுத் தருவார்கள். காப்பி கலந்து முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்பிரஸ்ஸோ என்றால் என்ன?

இனி, பிள்ளைகள் அழைத்துப் போகும் அந்தக் கண்ணாடிக் கடைக்கு வருவோம்.

அங்கே பளபளவென்று ஓர் இயந்திரம் நிற்கும். ஆவி சீறும். அதில் எடுக்கும் காப்பிக்கு எஸ்பிரஸ்ஸோ என்று பெயர். இத்தாலிய மொழியில் அந்தச் சொல், பிழிந்து எடுத்தது என்ற பொருளையும், கேட்டவுடன் அப்போதே செய்து தருவது என்ற பொருளையும் தரும். 1884-இல் தூரின் நகரத்து மோரியோண்டோ என்பவர் நீராவியால் காப்பி எடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து பெஸ்ஸேரா, ஒவ்வொரு கோப்பையாக எடுக்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஆனால் நீராவியின் அழுத்தம் போதவில்லை. காப்பி கருகிக் கசந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காஜ்ஜியா என்பவர், கைப்பிடியை இழுத்து அழுத்தும் முறையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். அப்போதுதான் காப்பியின் மேல் பொன்னிற நுரை படிந்தது. அதற்குக் கிரேமா என்று பெயர்.

இது வேலை செய்யும் விதத்தை எளிதாகச் சொல்கிறேன். துணிப் பையில் நீர் தன் பாரத்தால் இறங்குகிறது. எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தில் நீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். ஒரு காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல நான்கு மடங்கு அழுத்தம் அது. இத்தாலியில் வகுத்த அளவின்படி, மிக நுண்ணியதாக அரைத்த 7 கிராம் தூளில், 90 பாகைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் உள்ள நீரைச் செலுத்தி, 25 விநாடியில் 25 மில்லிலிட்டர் காப்பி எடுக்க வேண்டும். அதாவது ஐந்து தேக்கரண்டி அளவு. "இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இத்துணூண்டு தருகிறானே!" என்று கோபப்பட வேண்டாம். அது அப்படித்தான்.

பலகையில் உள்ள மற்றப் பெயர்கள் எல்லாம் இந்த ஒன்றின் பிள்ளைகளே. எஸ்பிரஸ்ஸோவில் சுடுநீர் சேர்த்தால் அமெரிக்கானோ. நம் கோப்பி ஓ கோசோங்குக்கு நெருங்கிய உறவு. நிறையச் சுடுபால் சேர்த்தால் லாத்தே. பாலைக் குறைத்து நுரையைக் கூட்டினால் காப்புச்சினோ. நம் வீட்டுப் பால் காப்பி பழகியவர்களுக்கு லாத்தே ஒத்துப்போகும். இவை எதிலும் பொதுவாகச் சீனி போட மாட்டார்கள். வேண்டுமானால் நாமே போட்டுக்கொள்ளலாம். ஆனால் கேரமல், வனிலா, மோக்கா என்று பெயர் சேர்ந்து வந்தால் அதில் இனிப்புப் பாகு உண்டு என்று அறிக.

நல்ல எஸ்பிரஸ்ஸோக் கடைக்கும் அடையாளங்கள் உண்டு. கேட்ட பிறகு கொட்டையை அரைக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பால் காய்ச்சும் குழாயை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்று பாருங்கள். அதில் காய்ந்த பால் ஒட்டியிருந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடலாம். ஏற்கெனவே காய்ச்சிய பாலை மறுபடி காய்ச்சினால் அதுவும் நல்லதல்ல. கொட்டை வறுத்த தேதியைப் பையில் எழுதி வைத்திருக்கும் கடை அக்கறையுள்ள கடை. வறுத்துப் பல மாதமான கொட்டையில் மணமும் இராது, பொன்னிற நுரையும் சரியாக வராது.

விலை? நம் காப்பிக்கடையில் மூன்று நான்கு கோப்பை குடிக்கும் காசை அங்கே ஒரு கோப்பைக்குக் கேட்பார்கள். இடத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆகவே அவசரமாகக் குடித்துவிட்டு ஓடுவதற்கு அது ஏற்ற இடமல்ல. மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது மகனோடு உட்கார்ந்து குடும்பச் சங்கதி பேச வேண்டும் என்றால் கொடுக்கும் காசுக்குப் பயன் உண்டு. பலகையில் விலையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். புரியாவிட்டால், "பால் உள்ளது, சீனி இல்லாதது, சிறியது எது?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது இழுக்கல்ல. கல்லாவில் நிற்கும் பிள்ளைக்குச் சம்பளமே அதைச் சொல்வதற்குத்தான்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மாவையும் அப்பாவையும் அங்கே அழைத்துப் போனால், அவர்களைக் கேட்காமல் எதையோ வாங்கி வைத்துவிடாதீர்கள். பலகையில் இருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளில் யாராவது இத்தாலிக்கே போக நேர்ந்தால், அங்கே ஒரு வேடிக்கை உண்டு. காப்பியை மேடையருகில் நின்றபடியே குடித்துவிட்டுப் போவதுதான் அந்நாட்டார் வழக்கம். மேசையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். அங்கே வெறுமனே "லாத்தே" என்று கேட்டால் காப்பி வராது, பால்தான் வரும். லாத்தே என்றால் இத்தாலியில் பால் என்று பொருள்.

சீனியின் கணக்கு

நேயர்களே, இன்றைய பேச்சில் மிக முக்கியமான பகுதி இது. தயவுசெய்து சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

2023-ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். நம் இந்திய சமூகத்தில் இந்த நோய் மிகுதி என்பது உங்களுக்கே தெரியும். பல குடும்பங்களில் ஒருவராவது மாத்திரை போடுகிறார். சிலர் காலை இழந்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு மேசைக்கரண்டி கட்டிப்பால் ஏறத்தாழ 20 கிராம். அதில் சேர்த்த சீனி மட்டும் சுமார் 9 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. கடையில் ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி ஊற்றினால் நான்கு தேக்கரண்டிச் சீனி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று கோப்பை குடித்தால் 54 கிராம் சீனி. நாள் முழுவதற்கும் சேர்த்து, சாதாரணமாக உண்ணும் பெரியவர் ஒருவருக்கு இவ்வகைச் சீனி 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுரை கூறியது. காப்பியிலேயே அந்த அளவு தாண்டிவிட்டது! சாப்பாடும் பலகாரமும் இனிமேல்தான்.

சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் "கூராங் மானிஸ்" என்று கேளுங்கள். பிறகு "கோப்பி சி" கேட்டு, சீனியைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு "கோசோங்" பழகுங்கள். நாக்கு மெதுவாகப் பழகிவிடும். பழகிய பிறகு காப்பியின் உண்மையான சுவை அப்போதுதான் தெரியும். மோசமான காப்பியைச் சீனி போர்த்தி மூடிவிடும். சீனி இல்லாமல் குடித்துப் பார்த்தால் நல்ல கடை எது, கெட்ட கடை எது என்று ஒரே மடக்கில் தெரிந்துவிடும். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள் உணவை மாற்றும்போது கிளினிக்கில் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பொட்டலத்தில் வரும் மூன்று கலந்த உடனடிக் காப்பியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். காப்பி, பால்மாவு, சீனி என்று மூன்றும் கலந்தது என்றாலும், பல பொட்டலங்களில் காப்பியை விடச் சீனிதான் மிகுதி. சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்.

இன்னும் மூன்று குறிப்புகள். கர்ப்பிணிப் பெண்கள் காப்பியை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்குக் கஃபீன் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. கெட்டியான கடைக் காப்பி இரண்டு கோப்பை அதைத் தொட்டுவிடக் கூடும். இரண்டாவது, இரத்தச் சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு காப்பியோ தேநீரோ குடிக்கக் கூடாது. உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அவை குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மூன்றாவது, இரவுப் பேருந்தில் போகிறவர்கள் மாலைக்குப் பிறகு காப்பியைத் தவிர்த்தால் வண்டியில் கண்ணயரலாம். வண்டி ஓட்டுகிறவர், காப்பி குடித்தோம், இனி உறக்கம் வராது என்று நம்பிவிடக் கூடாது. கண் சொருகினால் வண்டியை ஓரமாக நிறுத்திச் சற்று உறங்குவதே உயிருக்குக் காப்பு.

முடிவாக

இதுவரை சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். புதிய ஊரில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் கடையில் நுழையாமல், அந்த ஊரில் உழைப்பவர்களைக் கேளுங்கள். காப்பி கலக்கும் இடத்தின் சுத்தத்தைப் பாருங்கள். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சீனியின் கணக்கை மறவாதீர்கள்.

கேட்பதற்குக் கூச்சப்படுவதால் நாம் இழப்பது ஒரு கோப்பை காப்பி மட்டுமல்ல. கடையில் வாய் திறக்காதவர், மருத்துவமனையில் டாக்டரிடம் சந்தேகம் கேட்கவும் தயங்குவார். அலுவலகத்தில் பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் தயங்குவார். கேட்கும் பழக்கத்தைக் காப்பிக்கடையிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்த முறை பட்டணம் போகும்போது, வீட்டிலுள்ள பெரியவரை முன்னால் விட்டு, அவரையே கேட்கச் சொல்லுங்கள்: "கோப்பி சி கோசோங், ஒன்று." கேட்டு வாங்கிய அந்தக் காப்பி சூடாகவும் சுவையாகவும் அமையட்டும்.